எழுபது ஆண்டும் இரண்டு ஆண்டும்

தமிழாசிரியர் வகுப்பறையில் அடிக்கடி கேட்கும் வினாக்களுள் ஒன்று, "இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக" என்பது. ஓர் அடியைக் கொடுத்தால், அதனைச் சொன்னவர் யார், யாரிடம் சொன்னார், எச்சூழலில் சொன்னார் என்பவற்றைக் கூறிய பின்னரே மாணவன் பொருள் எழுதுதல் வேண்டும். இடத்தை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் எழுதுபவனுக்கு முழு மதிப்பெண் கிடைப்பதில்லை. இலக்கியத்திற்கு இத்துணைக் கண்டிப்புடன் விதிக்கப்பெறும் இவ்விதியை மறைநூலுக்கு மட்டும் தளர்த்திவிடுவது எவ்வகையில் முறையாகும்?

கிறிஸ்தவர் இல்லங்களில் தொங்கும் நாட்காட்டிகளிலும், புத்தாண்டு வழிபாட்டில் வழங்கப்பெறும் வாக்குத்தத்த அட்டைகளிலும் மிகுதியாக இடம்பெறும் வசனங்களுள் ஒன்று, எரேமியா நூலின் 29-ஆம் அதிகாரத்து 11-ஆம் வசனம். இறைவன் தம் மக்களுக்குக் கேடு கருதவில்லை, நலமே கருதுகிறார். அவர்களுக்கு நல்லதோர் எதிர்காலம் உண்டு என்பது அதன் கருத்து. அட்டையைப் பெறுபவர் அதனைத் தம் வீட்டுக்கு வந்த தனி ஓலையாகக் கொள்கின்றனர். வேலை இவ்வாண்டே கிட்டும், நோய் இவ்வாண்டே நீங்கும், கடன் இவ்வாண்டே தீரும் என்று எண்ணி மகிழ்கின்றனர். அவ்வாறே எண்ணும்படி மேடையில் நின்று போதிப்போரும் உளர்.

ஆனால், அட்டையில் அச்சேறாத வரி ஒன்று அதற்கு மேலே இருக்கிறது. 10-ஆம் வசனம் அது. அந்த நன்மை வந்து சேர எழுபது ஆண்டு ஆகும் என்று அது கூறுகிறது. எழுபது ஆண்டு என்பது ஒரு மனிதனின் முழு வாழ்நாள். அவ்வாக்கை முதன்முதல் கேட்ட பெரியோருள் மிகப் பெரும்பாலோர் அது நிறைவேறியதைக் கண்ணாற் காணவில்லை. இனிப்பான வரியை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு, கடினமான வரியை மறைப்பது விசுவாசமாகாது. அது வாக்கைச் சொன்னவரையே திருத்தி எழுதுவதாகும்.

இரண்டு தீர்க்கதரிசிகள்

கி.மு. 597-இல் பாபிலோனியப் பேரரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பணியவைத்தான். அரசன் எகொனியாவையும், தலைவர்களையும், கொல்லர் தச்சர் முதலான தொழில் வல்லோரையும் சிறைப்பிடித்துச் சென்றான். கோவிற் பாத்திரங்களையும் கவர்ந்து சென்றான். சிதேக்கியா என்பவன் யூதாவின் அரசனாக அமர்த்தப்பட்டான். அவன் ஆட்சியின் நான்காம் ஆண்டில் எருசலேம் கோவிலில் ஒரு வழக்கு நிகழ்ந்தது.

எரேமியா தம் கழுத்தில் மர நுகம் ஒன்றைச் சுமந்து நின்றார். பாபிலோனின் நுகம் விரைவில் நீங்காது என்பதற்கு அஃது அடையாளம். அப்போது கிபியோன் ஊரைச் சேர்ந்த அனனியா என்பவர் ஆசாரியர் முன்னும் மக்கள் முன்னும் எழுந்து, இரண்டே ஆண்டுகளில் பாத்திரங்கள் திரும்பிவிடும், அரசன் திரும்பிவிடுவான், சிறைப்பட்டோர் அனைவரும் திரும்பிவிடுவர் என்று அறிவித்தார். எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி, அனைவரும் காண முறித்தும் போட்டார். கூடியிருந்தோர் மனம் எவர் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அனனியா வேறொரு தெய்வத்தின் பெயரால் பேசவில்லை. எரேமியா வணங்கிய அதே இறைவனின் பெயராலேயே பேசினார். மக்களைக் கெடுக்கும் செய்தியையும் சொல்லவில்லை, ஆறுதலையே சொன்னார். விசுவாசத்தின் அளவை வைத்துப் பார்ப்பின், எழுபது என்றவரைக் காட்டிலும் இரண்டு என்றவரே பெரிய விசுவாசி போலத் தோன்றுவார். எரேமியாவும் அவரை உடனே பழிக்கவில்லை. அவ்வாறே ஆகட்டும் என்றே முதலில் கூறினார். தம் மக்கள் விரைவில் மீளவேண்டும் என்னும் ஆசை அவருக்கு மட்டும் இல்லாமற் போகுமா? ஆயினும், தாம் விரும்புவது வேறு, இறைவன் வாக்களித்தது வேறு என்னும் தெளிவு அவரிடம் இருந்தது. அனனியாவிடம் இல்லாதது அத்தெளிவே. தம் ஆசையை இறைவனின் வாக்கென்று அவர் எண்ணிக்கொண்டார்.

வரலாறு விடை கூறிற்று. இரண்டு ஆண்டு கழிந்தது, எவரும் திரும்பவில்லை. கி.மு. 586-இல் எருசலேம் தீக்கிரையாயிற்று; கோவிலும் இடிந்தது. கி.மு. 539-இல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனைக் கைப்பற்றிய பின்னரே மீட்சிக்கு வழி பிறந்தது. கோவில் மீண்டும் கட்டி முடிக்கப்பட்டது கி.மு. 515-ஆம் ஆண்டளவில். எழுபது ஆண்டினை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கோவில் இடிந்தது முதல் எழுந்தது வரை எண்ணுவோரும் உளர். எவ்வாறு எண்ணினும், அனனியாவின் கணக்கு பொய்த்தது என்பதில் வேறுபாடு இல்லை.

கடிதம் இட்ட கட்டளை

எழுபது ஆண்டு என்று கூறிய எரேமியா, ஆகவே அழுதுகொண்டிருங்கள் என்று எழுதினாரா? இல்லை. பாபிலோனில் இருந்தோர்க்கு அவர் விடுத்த கடிதத்தின் தொடக்கமே கட்டளைகள்தாம். வீடு கட்டிக் குடியிருங்கள். தோட்டம் வைத்து அதன் பலனை உண்ணுங்கள். மணஞ்செய்து மக்களைப் பெறுங்கள். நீங்கள் வாழும் நகரத்தின் நலத்தை நாடுங்கள். அதற்காக மன்றாடுங்கள் என்பன அவை. நாட்காட்டியில் தொங்கும் ஆறுதல் இக்கட்டளைகளுக்குப் பின்னர்தான் வருகிறது.

நாளையே ஊர் திரும்புவோம் என்பவன் வீடு கட்டமாட்டான். மூட்டையைக் கட்டிவைத்துக்கொண்டு வாசலில் அமர்ந்திருப்பான். என்றுமே திரும்பமாட்டோம் என்பவன் தன் மக்களுக்குத் தன் மொழியையும் மறையையும் கற்பிக்கமாட்டான். இவ்விருவருக்கும் இடையே, இங்கேயே உழைத்துக்கொண்டு அங்கே போகும் நாளை மறவாதிருப்பவன் ஒருவன் உண்டு. அவனே காத்திருப்பவன். காத்திருத்தல் என்பது கைகட்டியிருத்தல் அன்று. நாள் குறித்துக்கொள்ளுதலும் அன்று. வாக்கு நிறைவேறும் நாளைத் தான் காணாவிடினும், அந்நாளுக்கு ஏற்ற செயலை இன்றே செய்வதுதான் காத்திருத்தல்.

யாக்கோபு எழுதிய நிருபம் இதற்கு உழவனையே சான்றாகக் காட்டுகிறது. அந்நாட்டு உழவன் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருப்பான். முன்மாரி இலையுதிர் காலத்தில் மண்ணை நெகிழச் செய்யும். பின்மாரி வேனிலின் தொடக்கத்தில் கதிரை முற்றச் செய்யும். மழையைப் பெய்விக்க அவனால் இயலாது. ஆனால் உழுவதும், விதைப்பதும், களை பறிப்பதும் அவன் கடமை. உழாத நிலத்தில் எத்துணை மாரி பெய்தால்தான் என்ன? பால்மரக் காடுகளைப் பார்த்து வளர்ந்த மலேசியத் தமிழருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ரப்பர்க் கன்றை நட்டவர் பால் காண ஐந்தாறு ஆண்டு காத்திருக்கின்றார். அவ்வாண்டுகளில் ஒரு நாளும் காட்டை மறந்திருப்பதில்லை.

குறுக்கு வழியின் விலை

காத்திருக்க மாட்டாதவர் குறுக்கு வழி தேடுவர். அவ்வழிக்கும் விலை உண்டு. அந்த விலையைப் பெரும்பாலும் கொடுப்பவர் எளியவரே.

ஆபிரகாம் அழைப்புப் பெற்றபோது அவருக்கு வயது 75. வாக்களிக்கப்பட்ட மகன் ஈசாக்கு பிறந்தபோது வயது 100. இடைப்பட்ட 25 ஆண்டுகளைத் தாங்கமாட்டாமல், சாராளின் சொற்படி எகிப்தியப் பணிப்பெண் ஆகாரை மனைவியாகக் கொண்டார். 86-ஆம் வயதில் இஸ்மவேல் பிறந்தான். பின்னர் என்ன நிகழ்ந்தது? ஈசாக்கு பிறந்து வளர்ந்ததும் ஆகாரும் அவள் மகனும் கொஞ்சம் அப்பத்துடனும் ஒரு துருத்தித் தண்ணீருடனும் பாலைவனத்திற்கு அனுப்பப்பட்டனர். பொறுமையிழந்தவர்கள் வீட்டுக்கு உரியவர்கள். தண்ணீரின்றித் தவித்தவர்களோ அடிமைப்பெண்ணும் அவள் பிள்ளையும். அத்தாய் அழுததையும் பிள்ளையின் குரலை இறைவன் கேட்டதையும் மறைநூல் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது. விசுவாசத்தின் தந்தை எனப் போற்றப்படுபவரின் பிழையைக்கூட அது மூடவில்லை.

நாள் குறித்தவர் வரலாறு பிற்காலத்திலும் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவரின் போதனையைப் பின்பற்றியோர், கிறிஸ்து 1844 அக்டோபர் 22-இல் திரும்பி வருவார் என்று எதிர்பார்த்தனர். சிலர் தம் நிலத்தில் விளைந்திருந்ததை அறுவடை செய்யாமலே விட்டனர். அந்நாள் வந்தது, கடந்தும் போயிற்று. "பெரும் ஏமாற்றம்" என்றே அந்நாளுக்கு வரலாற்றில் பெயர் நின்றுவிட்டது. மில்லர் நேர்மையற்றவர் அல்லர். கணக்கில் முழு மனத்துடன் நம்பிக்கை வைத்தவர். ஆனால் நேர்மையான பிழையும் பிழையே. அவ்வேமாற்றத்தில் விசுவாசத்தையே கைவிட்டவர்களும் உண்டு.

இன்று இவ்வாண்டுக்குள் என்று தவணை கூறுவோர் அனனியாவின் வழியில் நிற்பவர்களே. மில்லர் தம் கணக்கு பொய்த்ததைத் தம் பிழையென ஒப்புக்கொண்டார். தவணை கூறும் போதகரோ அதனைக் கேட்டவர் மேல் சுமத்திவிடுகிறார். நோய் நீங்கவில்லையா? உனக்கு விசுவாசம் போதாது என்கிறார். பிள்ளையின் படுக்கையருகே பல இரவுகள் கண்விழித்திருக்கும் தாயிடம் இச்சொல்லைச் சொல்பவர், அவளுடைய துன்பத்தோடு குற்றவுணர்வையும் கூட்டிவைக்கிறார். அவள் இழப்பது பணத்தை மட்டுமன்று. மன்றாடும் துணிவையும் இழக்கிறாள். கடன் கொடுத்தவனிடம் தவணை கேட்பதுபோல் இறைவனிடம் தவணை கேட்கக் கற்பித்துவிட்டு, தவணை தவறியதும் பழியை எளியவர் தலையில் ஏற்றுவது போதனையன்று, கொடுமை.

பொறுமை எவருக்கு எவர் சொல்வது?

இவ்விடத்தில் பகுத்தறிவாளர் ஒரு கேள்வி எழுப்புவர். காத்திரு, பொறுத்திரு என்பது ஏழையை ஏழையாகவே வைத்திருக்கும் மயக்க மருந்தன்றோ என்பர். இக்கேள்வியை எளிதில் தள்ளிவிடலாகாது. பொறுமை என்னும் சொல் அவ்வாறு பயன்பட்டிருக்கிறது என்பது உண்மை. ஆண்டைகள் அடிமைகளுக்கும், முதலாளிகள் தொழிலாளர்க்கும், மேடையில் இருந்தோர் கீழே இருந்தோர்க்கும் பொறுமையைப் போதித்திருக்கின்றனர்.

எனினும், குற்றம் மறைநூலினுடையதா, இடஞ்சுட்டாமல் படித்தவருடையதா? பொறுமையுள்ள உழவனைக் காட்டும் அதே யாக்கோபின் நிருபத்தில், உழவனுக்குச் சற்று மேலே இருப்பது என்ன? தம் வயலை அறுத்த வேலையாட்களின் கூலியைப் பிடித்துவைத்துக்கொண்ட செல்வர்மீது வீசப்பட்ட கடுஞ்சொற்கள். பிடிக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது. அக்குரல் இறைவன் செவிக்கு எட்டிவிட்டது என்கிறது அந்நிருபம். கூலியைப் பிடித்துவைத்தவர் அதன் பின்வரும் பொறுமை வசனத்தை மட்டும் எடுத்துத் தொழிலாளிக்குக் கொடுப்பாராயின், அவரை மறைநூல் கண்டிக்கிறதேயன்றி ஆதரிக்கவில்லை. அந்நிருபம் பொறுமைக்கு மேலும் ஒருவரைச் சான்று காட்டுகிறது; அவர் யோபு. யோபு வாய்பொத்தி இருந்தவரா? அவர் பெயரால் அமைந்த நூலின் பெரும்பகுதி அவர் தொடுத்த வழக்கு. இறைவனை விட்டு விலகாமல் இறைவனிடமே முறையிட்டுக்கொண்டிருந்தமையால்தான் அவர் பொறுமையாளர் எனப்பட்டார்.

மார்ட்டின் லூதர் கிங் இதனை வாழ்ந்து காட்டியவர். 1963 ஏப்ரலில் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரில் கறுப்பின மக்கள் உரிமை கேட்டுப் போராடியபோது, வெள்ளையினச் சமயத் தலைவர் எண்மர், இது தக்க காலம் அன்று என்று அறிக்கை விடுத்தனர். சிறையிலிருந்த கிங், ஏப்ரல் 16 என நாளிட்ட கடிதத்தில் அவர்களுக்கு மறுமொழி எழுதினார். பிறர் துன்பத்திற்கு நாள் குறிக்கும் உரிமை துன்பம் செய்யும் பக்கத்தில் இருப்போர்க்கு இல்லை என்பது அவர் வாதத்தின் உட்கிடை. ஆயின், கிங் பொறுமையற்றவரா? 1955 டிசம்பர் முதல் 1956 டிசம்பர் வரை, 381 நாள், மாண்ட்கோமரி நகரக் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறாமல் நடந்தும் வண்டிகளைப் பகிர்ந்தும் வேலைக்குச் சென்றபோது, அவர்களுக்குத் தலைமை தாங்கி நின்றவர் அவரே. கால் வலிக்க வலிக்க நடந்த அந்த 381 நாளே பொறுமை. எண்மர் கேட்டது பொறுமையன்று; அமைதி. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதே பகுத்தறிவாளரின் பிழையும் பழமைவாதியின் பிழையும் ஆகும்.

மணலில் எழுதியவர்

நீடிய பொறுமைக்குச் சான்று தேடித் தமிழர் தொலைவில் செல்ல வேண்டுவதில்லை. அவர்கள் கையிலுள்ள தமிழ் வேதாகமமே சான்று.

செருமானியரான பார்த்தலோமேயு சீகன்பால்கு 1706 சூலை 9-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது 23. தமிழ் கற்பதற்காகச் சிறு பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுத்துகளை எழுதிப் பழகினார். 1708-இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். அவ்வாண்டின் இறுதியில் அவரைச் சிறையிலிட்டவர் வேற்றுச் சமயத்தார் அல்லர். டேனியக் கோட்டையின் தலைவரே. நான்கு மாதச் சிறைக்குப் பின்னும் பணி நின்றுவிடவில்லை. 1711-இல் மொழிபெயர்ப்பு முடிந்தது. அச்சுப்பொறியும் எழுத்துருவும் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரவேண்டியிருந்தன; 1715-இல்தான் புதிய ஏற்பாட்டின் அச்சுப்பணி நிறைவுற்றது. பழைய ஏற்பாட்டில் ரூத் நூல் வரை மொழிபெயர்த்திருந்த நிலையில், 1719-இல், தம் 36-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

எஞ்சிய பகுதியைப் பெஞ்சமின் சூல்சு தொடர்ந்து முடித்தார். 1740-இல் வந்த பெப்ரிசியசு முழு வேதாகமத்தையும் திருத்தி அமைப்பதில் தம் வாழ்நாளைச் செலவிட்டார். 1791-இல் அவர் மறைந்தபோது பழைய ஏற்பாடு முழுவதும் அச்சேறியிருக்கவில்லை. சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றும் பெருவழக்கிலுள்ள மொழிபெயர்ப்பு, என்றி பவர் தலைமையில் அமைந்த குழுவின் உழைப்பால் 1871-இல் வெளிவந்தது. மணலில் எழுதிய நாளுக்கும் இதற்கும் இடையே 165 ஆண்டு. சீகன்பால்கு இரண்டு ஆண்டில் முடியும் பணியை மட்டுமே தொடுவேன் என்று எண்ணியிருப்பாராயின், ரூத் வரையிலும்கூட வந்திருக்கமாட்டார். இவ்வாண்டே எல்லாம் நிறைவேறும் என்று அச்சடித்துக் கொடுக்கும் தமிழ் அட்டையில் உள்ள தமிழ் வசனமே, தம் பணியின் முடிவைக் காணாமல் மறைந்தவர்களின் கொடை என்பதை அட்டை அச்சிடுவோர் எண்ணிப் பார்த்தல் நலம்.

பதினேழு சேக்கல் வெள்ளி

எரேமியாவின் செயல் ஒன்று எஞ்சியுள்ளது. சிதேக்கியாவின் பத்தாம் ஆண்டில் பாபிலோன் படை எருசலேமை வளைத்துக்கொண்டிருந்தது. எரேமியா காவற்கூடத்து முற்றத்தில் அடைபட்டிருந்தார். அப்போது அவருடைய தந்தையின் உடன்பிறந்தார் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத் ஊரிலுள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளுமாறு கேட்டான். பகைவர் பரவிய நாட்டில், நாளை எவர் கையில் இருக்குமோ அறியாத நிலத்தை, சிறையிலிருப்பவர் வாங்குவாரா? எரேமியா வாங்கினார். பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி முத்திரையிட்டு, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்குமாறு பாருக்கிடம் கொடுத்தார். இந்நாட்டில் மீண்டும் வீடும் நிலமும் தோட்டமும் வாங்கப்படும் என்பதற்கு அப்பத்திரமே அடையாளம்.

அந்நிலத்தில் அவர் பயிரிட்டதாக மறைநூல் கூறவில்லை. எருசலேம் வீழ்ந்த பின்னர் அவரைத் தம் மக்களே எகிப்திற்குக் கொண்டுசென்றனர். இரண்டு ஆண்டு என்று முழங்கிய அனனியா எதனையும் வாங்கியதாகச் செய்தி இல்லை. நுகத்தை முறித்ததோடு அவர் பணி முடிந்துவிட்டது. எழுபது ஆண்டு என்று கூறிய எரேமியா கைப்பணத்தை எண்ணிக் கொடுத்து நிலம் வாங்கினார். இருவருள் வாக்கை உண்மையாக நம்பியவர் எவர் என்பதை மாணவரே முடிவு செய்யலாம்.

நாட்காட்டியிலுள்ள வசனத்தை எவரும் கிழித்தெறிய வேண்டுவதில்லை. அது மெய்யான வாக்கே. ஆனால் அதனைக் கையில் எடுப்பவர், வகுப்பறையில் கற்ற பழைய விதியை மறவாமல், இடத்தைச் சுட்டிப் பொருள் கொள்ளட்டும். மேலேயுள்ள வரியைப் படித்து, அதற்கும் மேலே உள்ள கட்டளைகளையும் படித்து, கட்டவேண்டிய வீட்டைக் கட்டவும் நடவேண்டிய கன்றை நடவும் எழட்டும். நிழலில் அமர்வோர் பேரர்களாயினும் ஆகுக. நட்டவர் நம்பிக்கை பொய்யாகாது.